பறவைகள் ஏன் இப்படியெல்லாம் தூங்குகின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பறவைகளைப் பற்றிப் பேச்செடுத்தாலே என்னிடம் வரும் கேள்விகளில் பாதி, அவை தூங்கும் விதத்தைப் பற்றித்தான். ஒற்றைக்காலில் நிற்கிறது, தலையைக் காணோம், ஒரு கண் மட்டும் திறந்திருக்கிறது, கம்பியில் தலைகீழாகத் தொங்குகிறது. கேட்பவர்களின் குரலில் பெரும்பாலும் ஒரு பரிதாபம் இருக்கும்: "பாவம், எவ்வளவு சிரமப்பட்டுத் தூங்குது!" அந்தப் பரிதாபத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டுப் படியுங்கள். நமக்குச் சிரமமாகத் தெரியும் நிலை பறவைக்கும் சிரமமாக இருக்கவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பல நேரங்களில் அதுதான் அதற்கு ஆகச் சுலபமான நிலை.

பறவைகள் கூட்டில்தானே தூங்கும்?

இல்லை. கூடு என்பது முட்டைக்கும் குஞ்சுக்குமான தொட்டில். குஞ்சுகள் பறந்துபோனதும் பெரும்பாலான பறவைகள் கூட்டைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. வருடத்தின் மற்ற நாட்களில் கிளை, புதர், மரப்பொந்து, பாறை இடுக்கு, தண்ணீர் என்று கிடைத்த இடத்தில் அடைகின்றன. மரங்கொத்தி மாதிரி சில பறவைகள் மட்டும் தூங்குவதற்கென்றே பொந்து வைத்திருக்கும். இந்தப் பக்கத்தில் வரும் விசித்திரங்களில் பாதிக்குக் காரணமே இதுதான். மெத்தையோ சுவரோ கூரையோ இல்லாத இடத்தில் இரவைக் கழிக்கவேண்டும். விழக்கூடாது, குளிரில் உறையக்கூடாது, எதற்கும் இரையாகிவிடவும் கூடாது.

கிளையில் உட்கார்ந்தபடி தூங்கும்போது ஏன் விழுவதில்லை?

இதற்கு எல்லோரும் சொல்லும் பதில் ஒன்று உண்டு. பறவையின் காலில் தசையிலிருந்து விரல்வரை நீளமான தசைநாண்கள் ஓடுகின்றன. அவை கணுக்காலின் பின்பக்கமாகச் சுற்றிப் போவதால், பறவை காலை மடக்கி உட்கார்ந்ததும் உடலின் எடையே அவற்றை இழுத்துவிடுகிறது. விரல்கள் தாமாகவே மடங்கிக் கிளையைப் பிடித்துக்கொள்கின்றன. எழுந்து காலை நீட்டினால்தான் பிடி விடும். கேட்க அழகாக இருக்கிறது. நானும் பல வருடங்கள் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

2012-இல் ஐரோப்பிய ஸ்டார்லிங் பறவைகளை வைத்து இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஸ்டார்லிங் என்பது நம் மைனாவின் குடும்பத்தைச் சேர்ந்த பறவை. தூங்கும்போது அவற்றின் விரல்கள் கம்பை இறுக்கிப் பிடித்திருக்கவே இல்லை. பாதத்தின் நடுவிலுள்ள மெத்தென்ற திண்டில் எடையை வைத்து அவை சமநிலையில் உட்கார்ந்திருந்தன. மயக்க மருந்து கொடுத்தபோது கம்பில் உட்காரவே முடியவில்லை. கால் மடங்கினால் விரல் தானாகப் பூட்டிக்கொள்ளும் என்பது உண்மையாக இருந்தால், மயங்கிய பறவையும் கம்பிலேயே இருந்திருக்க வேண்டும் அல்லவா?

ஆக, தூங்கும் பறவை கிளையைப் பிடித்துக்கொண்டு கிடப்பதாக நினைக்கவேண்டாம். அது கிளைமேல் தன் எடையைச் சரியாக நிறுத்திவைத்திருக்கிறது. நாற்காலியில் நேராக உட்கார்ந்து கண்ணயர்கிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். எதையும் பிடித்திருக்க மாட்டார், ஆனால் சாய ஆரம்பித்தால் உடம்பு தானே சரிசெய்துகொள்ளும்.

பறவைக்கு இதில் கூடுதலாக ஒரு வசதி உண்டு. அதன் இடுப்பு எலும்புக்குள் முதுகுத்தண்டு செல்லும் பகுதியில், திரவம் நிறைந்த கால்வாய் போன்ற ஓர் அமைப்பு இருக்கிறது. உடல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று உணரும் இரண்டாவது சமநிலை உறுப்பு இது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். முதலாவது, நமக்கு இருப்பதுபோலவே உட்காதில். தலையை முதுகில் புதைத்துவைத்துத் தூங்கும் ஓர் உயிருக்கு, இடுப்பிலும் ஒன்று இருப்பது எவ்வளவு தோது என்று யோசித்துப் பாருங்கள்.

அப்படியானால் கால் பூட்டு என்பது முழுக்கப் பொய்யா?

பூட்டு இருக்கிறது, அதன் வேலைதான் வேறு. பல பறவைகளின் விரல் தசைநாணில் சொரசொரப்பான மேடுகளும், அதைச் சுற்றியுள்ள உறையில் அதற்கு ஈடான வரிப்பள்ளங்களும் உண்டு. எடை விழும்போது இரண்டும் ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும். பருந்தும் ஆந்தையும் திமிறும் இரையை அதிகத் தெம்பு செலவழிக்காமல் இறுக்கிப் பிடிக்க உதவுவது இதுதான். வௌவாலின் காலிலும் இதே மாதிரி ஒன்று உண்டு. அதனால்தான் அது மணிக்கணக்கில் அலுக்காமல் தொங்குகிறது. ஆனால் ‘எல்லாப் பறவையும் தூங்கும்போது கால் தானாகப் பூட்டிக்கொள்ளும்’ என்று மொத்தமாகச் சொல்லமுடியாது.

பூநாரை ஒற்றைக்காலில் நின்றே தூங்குகிறதே, கால் வலிக்காதா?

நம் மொழியில் ‘ஒற்றைக்காலில் நிற்கிறான்’ என்றால் பிடிவாதம் என்று பொருள். ஒற்றைக்கால் என்றாலே தவம், சிரமம், வைராக்கியம் என்றுதான் நம் மனம் போகிறது. பூநாரைக்கு அது சாய்வு நாற்காலி.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நாரையின் காலில் நடுவே பின்பக்கமாக மடங்குகிறதே, அது முழங்கால் இல்லை, கணுக்கால். உண்மையான முழங்கால் மேலே வயிற்றோரம் இறகுக்குள் ஒளிந்திருக்கிறது. நாம் ‘பாதம்’ என்று நினைப்பது வெறும் விரல்கள்தாம். அதாவது பறவை எப்போதுமே நுனிவிரலில் நிற்கிறது.

2017-இல் யங்-ஹுய் சாங், லீனா டிங் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு வேலை செய்தார்கள். ஏற்கெனவே இறந்துபோன பூநாரைகளின் உடலை எடுத்து, ஒற்றைக்காலில் நிற்கும் நிலையில் வைத்துப் பார்த்தார்கள். உயிர் இல்லாத உடலில் தசை எதுவும் வேலை செய்யாது. இருந்தும் அந்தக் கால் மடங்காமல் உடலைத் தாங்கி நின்றது. உடலின் எடை முன்பக்கமாக விழும்போது இடுப்பும் முழங்காலும் தாமாகவே ஒரு நிலையில் தங்கிவிடுகின்றன. காலை இரண்டு காலில் நிற்கும்போது இருப்பதுபோல நேராக வைத்தபோது அந்தப் பிடிப்பு கிடைக்கவில்லை. ஒற்றைக்காலில் நிற்கும்போது பாதம் உடலின் நடுக்கோட்டுக்கு நேர் கீழே வருகிறது. அந்தச் சாய்வில்தான் எல்லாம் சரியாகப் பொருந்துகிறது.

உயிருள்ள பூநாரைகளையும் அழுத்தத்தை அளக்கும் பலகைமீது நிற்கவைத்துப் பார்த்தார்கள். கண்ணை மூடித் தூங்கியபோது அவை மிகக் குறைவாகவே ஆடின. விழித்துக்கொண்டு இறகைக் கோதும்போதுதான் ஆட்டம் அதிகம். நாம் ஒற்றைக்காலில் நின்று கண்ணை மூடினால் என்ன ஆகும் என்று இப்போதே எழுந்து ஒருமுறை சோதித்துவிட்டு வாருங்கள்.

காலை மடக்கி வைப்பது குளிருக்காக என்றும் சொல்கிறார்களே?

அதுவும் சரிதான். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை. பெரும்பாலான பறவைகளின் காலில் இறகு இல்லை. உடலோ 40 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் இருக்கிறது. காலுக்கு இறங்கும் சூடான ரத்தக்குழாயும் மேலே ஏறும் குளிர்ந்த ரத்தக்குழாயும் ஒட்டி ஒட்டிப் போவதால், சூடு பாதி வழியிலேயே கைமாறி உடலுக்குத் திரும்பிவிடுகிறது. இருந்தாலும் கொஞ்சம் கசியத்தான் செய்யும். ஒரு காலை வயிற்று இறகுக்குள் இழுத்துக்கொண்டால் கசிவு பாதியாகும். 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், கரீபியப் பூநாரைகள் தரையில் நிற்கும்போதைவிடத் தண்ணீரில் நிற்கும்போது அதிகமாக ஒற்றைக்காலில் நின்றதைக் கண்டார்கள். காற்றைவிடத் தண்ணீர் சூட்டை வேகமாக உறிஞ்சும் என்பதால் இது கணக்குக்குப் பொருந்துகிறது. வெயில் ஏற ஏற ஒற்றைக்கால் நிற்பதும் குறைந்தது.

வாத்து, புறா, கிளி, கோழி, சிட்டு என்று இந்தப் பழக்கம் பரவலாக உண்டு. சின்னப் பறவைகள் இரண்டு காலையுமே மறைத்துவிடும். கிளையில் குந்தி, வயிற்று இறகைப் பாவாடைபோல் காலைச் சுற்றி விரித்துவிட்டால் வேலை முடிந்தது.

தலையைப் பின்னால் திருப்பி வைத்துக்கொண்டால் கழுத்து சுளுக்காதா?

நமக்குக் கழுத்தில் 7 எலும்பு. பறவைகளுக்கு இனத்தைப் பொறுத்து 13-இலிருந்து 25 வரை உண்டு. ஆந்தைக்கு 14, அன்னத்துக்கு ஏறக்குறைய 25. தலையை முதுகில் வைப்பது அவற்றுக்கு நாம் தலையைத் தலையணையில் சாய்ப்பதுபோலத்தான். சொல்லப்போனால் முதுகுதான் அவற்றின் தலையணை. அங்கே சாய்த்துவிட்டால் கழுத்துத் தசைகளுக்கு ஓய்வு கிடைக்கிறது.

‘இறக்கைக்குள் தலையை வைத்துத் தூங்கும்’ என்று காலங்காலமாகச் சொல்கிறோம், அது துல்லியம் இல்லை. கிட்டத்தில் போய்ப் பாருங்கள், தலை வெளியேதான் இருக்கும். அலகு மட்டும் முதுகின் தோள் இறகுகளுக்குள் சொருகியிருக்கும். அலகுதான் சூடு கசியும் இன்னொரு வாசல். இதற்கு டூக்கானைவிட நல்ல சாட்சி கிடையாது. தென் அமெரிக்கக் காடுகளில் வாழும் அந்தப் பறவைக்கு உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத அளவுக்குப் பெரிய அலகு. 2009-இல் வெப்பப் படக்கருவி வைத்துப் பார்த்தபோது, அது அந்த அலகுக்குள் ரத்த ஓட்டத்தைக் கூட்டியும் குறைத்தும் உடல் சூட்டைச் சமாளிப்பது தெரிந்தது. தூங்கும்போது டூக்கான் அலகை முதுகில் கிடத்தி, வாலை முன்பக்கமாக மடித்துத் தலைமேல் போர்த்திக்கொள்ளும். வால் அப்படி மடங்குவதற்கென்றே அதன் வாலெலும்பு அமைந்திருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ இறகுப் பந்து ஒன்றைக் கிளையில் வைத்துவிட்டுப் போனதுபோல் இருக்கும்.

முக்குளிப்பான்கள் மட்டும் ஏனோ வேறு கட்சி. கழுத்தைப் பின்னால் இழுத்து, முகம் முன்னோக்கியபடியே, அலகைக் கழுத்தின் பக்கவாட்டு இறகுக்குள் சொருகிக்கொண்டு தண்ணீரில் மிதக்கும்.

ஒரு கண்ணைத் திறந்து வைத்துத் தூங்குவது உண்மையா? இல்லை, அரைத்தூக்கமா?

இரண்டுமே உண்மை. அரைத்தூக்கம் என்ற சொல் இங்கே அப்படியே எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறது. பறவையால் மூளையின் ஒரு பாதியை மட்டும் தூங்கவைக்க முடியும். இடது மூளை தூங்கினால் வலது கண் மூடும். இடது கண் திறந்து காவல் காக்கும்.

இதைத் தெளிவாகக் காட்டியது நீல்ஸ் ராட்டன்போர்க் என்பவரும் அவரது கூட்டாளிகளும் 1999-இல் வெளியிட்ட வாத்து ஆய்வு. நான்கு நான்கு வாத்துகளாக வரிசையில் வைத்தார்கள். நடுவில் இருந்த வாத்துகள் பெரும்பாலும் இரண்டு கண்ணையும் மூடித் தூங்கின. ஓரத்தில் இருந்தவையோ, நடுவில் இருந்தவற்றைப்போல் இரண்டரை மடங்கு அதிகமாக அரைமூளைத் தூக்கம் தூங்கின. அதைவிட முக்கியமான விஷயம், அவை எந்தக் கண்ணைத் திறந்து வைத்தன என்பது. வரிசைக்கு வெளியே பார்த்திருக்கும் கண்ணைத்தான் 86 சதவீத நேரம் திறந்து வைத்திருந்தன. ஆபத்து எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று தெரிந்து, அந்தப் பக்கத்துக்கு மட்டும் ஆள் போட்டிருக்கின்றன.

குளக்கரையில் வாத்துக்கூட்டம் தூங்கும்போது ஓரத்து வாத்தை ஒரு கால்மணி நேரம் பாருங்கள். அலகு முதுகில் கிடக்கும், உடம்பு அசையாது. மூடிய கண்ணில் கீழிமை மேலேறி வெளிர்நிறமாகத் தெரியும். நம்மைப் பார்த்திருக்கும் கண் மட்டும் கருமையாக, ஈரமாக, இமைக்காமல் இருக்கும். நாம் ஓர் அடி எடுத்து வைத்தால் போதும், கழுத்து நிமிர்ந்துவிடும். கொஞ்ச நேரம் கழித்து அது தண்ணீரில் அப்படியே திரும்பி, அடுத்த கண்ணை வெளிப்பக்கம் காட்டி உட்காரும். காவல் மாற்றிவிட்டது என்று அர்த்தம்.

பறந்துகொண்டே தூங்குமா?

தூங்கும். நீண்ட காலம் எல்லோரும் யூகமாகச் சொல்லிக்கொண்டிருந்ததை 2016-இல் அளந்தே காட்டிவிட்டார்கள். அதையும் செய்தது ராட்டன்போர்க்கின் குழுதான். கலாபகஸ் தீவுகளில் பெரிய ஃபிரிகேட் பறவைகளின் தலையில் மூளை மின்னலைகளைப் பதியும் சின்னக் கருவியைப் பொருத்தி அனுப்பினார்கள். ஃபிரிகேட் ஒரு விநோதமான கடற்பறவை. அதன் இறகில் போதுமான எண்ணெய்ப்பசை இல்லாததால் தண்ணீரில் இறங்கி உட்கார முடியாது. ஆகையால் கடலுக்குப் போனால் நாள்கணக்கில் இறங்காமல் பறந்துதான் ஆகவேண்டும். இந்த ஆய்வில் சில பறவைகள் 10 நாள் வரை தொடர்ந்து, 3000 கிலோமீட்டர் தூரம் பறந்தன.

பதிவைப் பார்த்தால், அவை இருட்டியபின் மேலெழும் காற்றில் வட்டமடித்து ஏறும்போது தூங்கியிருக்கின்றன. பெரும்பாலும் அரைமூளைத் தூக்கம். வட்டம் எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கத்துக் கண் திறந்திருந்தது. இன்னொரு பறவைமேல் மோதாமல் இருக்க அந்தப் பக்கம் பார்வை தேவை. ஆச்சரியம் என்னவென்றால், சில சமயம் மூளை முழுவதுமே தூங்கியபோதும் பறத்தல் குலையவில்லை. சில நொடிகளுக்குக் கனவுநிலைத் தூக்கம்கூட வந்துபோயிருக்கிறது.

ஆனால் மொத்தம் எவ்வளவு தூங்கின தெரியுமா? ஒரு நாளைக்குச் சராசரியாக 42 நிமிடம். கரைக்குத் திரும்பியதும் ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கும் மேல். பறக்கும்போது தூங்கமுடியும் என்பதால் அதுவே போதும் என்று ஆகிவிடவில்லை. கடலில் பட்ட கடனைக் கரையில் அடைக்கின்றன.

உழவாரன் குருவிகளைப் பற்றியும் கேட்பார்கள். ஐரோப்பாவின் சாதாரண உழவாரன்களில் சில, 10 மாதம் ஒருமுறைகூடத் தரையிறங்காமல் இருப்பதை ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தார் காட்டியிருக்கிறார்கள். அப்படி இருப்பது வானத்திலேயே தூங்காமல் எப்படி?

தலைகீழாகத் தொங்கித் தூங்கும் பறவை உண்டா?

உண்டு. தொங்குகிளிகள் என்று சின்னஞ்சிறு கிளிக்கூட்டம் ஒன்று தெற்காசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் இருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு, பச்சை உடல். இவை வௌவாலைப்போல் தலைகீழாகத் தொங்கியபடி தூங்கும். இலைகளுக்கு நடுவே அசையாமல் தொங்கும்போது இன்னோர் இலையாகவே தோன்றும். அதைக் கண்டுபிடிக்க நிறையப் பொறுமை வேண்டும்.

ஆப்பிரிக்காவின் எலிப்பறவைகள் இன்னும் வேடிக்கை. தலைகீழ் இல்லை, ஆனால் கிளையில் உட்காராமல், கிளையைத் தோள் உயரத்தில் பிடித்துக்கொண்டு, உடலைக் கீழே தொங்கவிட்டு, ஒன்றின் வயிறு இன்னொன்றின் வயிற்றில் ஒட்டும்படி கொத்தாகத் தூங்கும். திராட்சைக் குலை மாதிரி.

மரங்கொத்தி செங்குத்தாக நின்றே தூங்குமா?

ஆமாம். பொந்தின் உட்சுவரைப் பற்றிக்கொண்டு, கடினமான வால் இறகை மூன்றாவது காலாக ஊன்றித் தூங்கும். பகலில் மரத்தில் எப்படி நிற்கிறதோ அப்படியேதான்.

ஆந்தைக்குஞ்சு குப்புறப் படுத்துக்கிடக்கும் படத்தைப் பார்த்தேன். செத்துவிட்டதா?

இல்லை, நன்றாகத் தூங்குகிறது. ஆந்தைக்குஞ்சுக்குத் தலை பெரிது, கழுத்தில் அதைத் தாங்கும் வலு இன்னும் வரவில்லை. அதனால் வயிறு தரையில் பட, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, காலைப் பின்னால் நீட்டி, விளையாடிக் களைத்த குழந்தை மாதிரி கிடக்கும். கிளையில் இருந்தாலும் இப்படியே படுத்துக்கொள்ளும், பார்க்கிற நமக்குத்தான் பதைபதைக்கும். கனவுநிலைத் தூக்கம் மனிதக் குழந்தைகளைப்போலவே ஆந்தைக்குஞ்சுகளுக்கும் சிறுவயதில் அதிகம், வளர வளரக் குறைகிறது. வளர்ந்தபின் எல்லா ஆந்தையையும்போல நிமிர்ந்து உட்கார்ந்துதான் தூங்கும்.

தீக்கோழியும் இப்படித்தான் ஆட்களைப் பயமுறுத்தும். உட்கார்ந்து, கழுத்தைத் தூக்கி, கண்ணைத் திறந்து வைத்திருக்கும்போதே அது ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருக்கலாம். கனவுநிலை வரும்போதுதான் கண் மூடி, தலை தொங்கும்.

பறவைகள் ஒட்டி ஒட்டி உட்கார்ந்து தூங்குவது பாசத்தாலா?

பாசம் இல்லை என்று சொல்ல நான் யார்? ஆனால் முதல் காரணம் குளிர். உடல் சின்னதாக ஆக ஆக, எடையைவிட மேல்தோலின் பரப்பு விகிதத்தில் கூடிக்கொண்டே போகும். சூடு சீக்கிரம் போய்விடும். நான்கு பேர் ஒட்டி உட்கார்ந்தால் வெளியே காட்டும் பரப்பு குறைகிறது. பஞ்சுருட்டான்கள் ஒரே கொம்பில் தோளோடு தோள் இடித்து வரிசையாக உட்காரும். நடு இடத்துக்கு எப்போதும் கிராக்கி. ஓரத்தில் இருப்பது எழுந்து மற்றவற்றின் முதுகில் ஏறி நடந்து நடுவில் நுழையப் பார்க்கும். வரிசையே ஒருமுறை குலுங்கி மறுபடி ஒட்டும். பேருந்தில் மூன்று பேர் இருக்கையில் நான்காவது ஆள் உட்காரும் காட்சிதான்.

வட அமெரிக்கக் காடைகள் தரையில் வட்டமாக அடையும். வால்கள் உள்ளே, தலைகள் வெளியே. சூடும் கிடைக்கிறது, எல்லாத் திசைக்கும் கண்ணும் இருக்கிறது. ஏதாவது வந்தால் ஒரே நொடியில் எல்லாப் பக்கமும் வெடித்துச் சிதறும், வந்தது எதைத் துரத்துவது என்று திகைத்துப்போகும்.

நாலு நொடி தூங்கும் பென்குயின் கதை நிஜமா?

நிஜம். கோழித்தூக்கம் என்று நாம் கேலியாகச் சொல்வதை ஒரு பறவை முழுநேரத் தொழிலாகவே செய்கிறது. அண்டார்டிகாவின் கிங் ஜார்ஜ் தீவில் முட்டை காக்கும் சின்ஸ்ட்ராப் பென்குயின்களை ஆராய்ந்து 2023-இல் வெளியிட்டார்கள். சராசரியாக 4 நொடி தூக்கம், உடனே விழிப்பு, மறுபடி 4 நொடி. நாளொன்றுக்கு 10,000 தடவைக்கு மேல். கூட்டினால் 11 மணி நேரத்தைத் தாண்டுகிறது! முட்டையைத் தூக்க ஸ்குவா பறவை காத்திருக்கிறது, கூட்டின் கல்லைத் திருடப் பக்கத்து வீட்டுப் பென்குயின் காத்திருக்கிறது. நீட்டி நிமிர்ந்து தூங்க வழியில்லை.

இதில் வாத்துக் கணக்கு தலைகீழாகிறது என்பது எனக்குப் பிடித்த விஷயம். பென்குயின் கூட்டத்தில் ஓரத்தில் இருந்தவைதான் கொஞ்சம் நன்றாகத் தூங்கின. நடுவில் இருந்தவற்றுக்கு அக்கம்பக்கத்துச் சண்டையும் சத்தமும் பெரிய தொல்லை.

ஓசனிச்சிட்டு (ஹம்மிங்பேர்ட்) கம்பில் செத்ததுபோல் தொங்கியது. என்ன ஆயிற்று?

அது தூக்கத்துக்கும் கீழே ஒரு படி இறங்கியிருக்கிறது. ஓசனிச்சிட்டு பகலில் தேனைக் குடித்துக்கொண்டே இருந்தால்தான் உயிர் வாழமுடியும். இரவு முழுவதும் பட்டினி என்பதால், அடுப்பையே அணைத்துப்போட்டுவிடுகிறது. இதயத்துடிப்பு நிமிடத்துக்குச் சில நூறிலிருந்து 50 அளவுக்குக் கூட விழும், உடல் சூடு சுற்றியுள்ள குளிரை நோக்கி இறங்கும். பெருவின் ஆண்டிஸ் மலையில் ஓர் இனத்தின் உடல் வெப்பம் 3.3 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியதை 2020-இல் பதிவு செய்தார்கள். தொட்டால் ஐஸ்கட்டி. சில சமயம் இந்த நிலையில் பின்னுக்குச் சாய்ந்து தலைகீழாகத் தொங்கிவிடும், ஆனாலும் விழாது. காலையில் உடம்பை நடுக்கி நடுக்கிச் சூடேற்றிக்கொண்டு பறந்துபோகும். இப்படி ஒன்றைப் பார்த்தால் எடுத்துக் குலுக்கவேண்டாம், தண்ணீர் ஊற்றவேண்டாம். வெயில் ஏறும்வரை விட்டுவிடுங்கள்.

பகலில் தூங்கும் இரவுப்பறவைகள் எப்படி மாட்டிக்கொள்ளாமல் இருக்கின்றன?

தவளைவாயன் அலகை மேலே தூக்கி, உடலை விறைப்பாக்கி, ஒடிந்த கிளையாக மாறிவிடும். தென் அமெரிக்காவின் பொட்டு பறவை இன்னொரு படி மேலே போய், கண்ணை மூடியபடியே பார்க்கிறது. அதன் இமையில் சின்னச் சின்ன வெட்டுகள் உண்டு. மூடினாலும் இடுக்கு வழியாக வெளிச்சமும் அசைவும் தெரியும். கதவைச் சாத்திவிட்டுச் சாவித்துவாரத்தில் கண் வைப்பதுபோல.

பறவைகள் கனவு காணுமா?

கனவுநிலைத் தூக்கம் அவற்றுக்கு உண்டு, ஆனால் மிகச் சின்னச் சின்னத் துண்டுகளாக, ஒவ்வொன்றும் சில நொடிகள்தாம். கிளையில் உட்கார்ந்து தூங்கும் உயிருக்கு அதுவே நல்லது, ஏனென்றால் அந்த நேரத்தில்தான் கழுத்து தளர்ந்து தலை தொங்குகிறது. 2000-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள், ஜீப்ரா ஃபின்ச் குருவியின் மூளையில் பகலில் பாடும்போது எழுந்த அதே துடிப்பு வரிசை தூக்கத்திலும் எழுவதைக் கண்டார்கள். தூக்கத்தில் பாட்டுக்கு ஒத்திகை நடக்கிறது. அதைக் கனவு என்று சொல்வதா கூடாதா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

என் கிளி மல்லாந்து படுத்துத் தூங்குகிறது. மருத்துவரிடம் போகவேண்டுமா?

அது வழக்கமாகவே அப்படித் தூங்கி, எழுந்ததும் சுறுசுறுப்பாகச் சாப்பிட்டு விளையாடினால் பயப்பட ஒன்றுமில்லை. வீட்டில் வளரும் சில கிளிகள், குறிப்பாக லோரி, கைக் போன்ற இனங்கள், மல்லாந்து காலை மேலே தூக்கிக் கிடக்கும். கூண்டுக் கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி தூங்கும் கிளிகளும் உண்டு. பத்திரமான இடம் என்ற நம்பிக்கை வந்தால்தான் இப்படியெல்லாம் செய்யும். முதன்முதலில் ஒரு கிளி மல்லாந்து கிடந்ததைப் பார்த்து, போச்சு என்று நினைத்து நான் கூண்டைத் திறந்தேன். அது ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு விரலைக் கடித்தது.

பயப்படவேண்டியது வேறு இடத்தில். பகலிலும் இறகைச் சிலிர்த்து உப்பலாக உட்கார்ந்து, இரண்டு காலையும் ஊன்றிச் சோர்ந்து கண் மூடுகிறதா? மூச்சு விடும்போது வால் மேலும் கீழும் ஆடுகிறதா? கம்பை விட்டுக் கூண்டின் தரையில் போய் ஒடுங்குகிறதா? நாள் கடத்தாமல் பறவை மருத்துவரிடம் காட்டுங்கள். பறவைகள் நோயைக் கடைசிவரை மறைக்கும்; வெளியே தெரியும்போது பெரும்பாலும் முற்றியிருக்கும். எப்போதும் ஒரே காலைத்தான் தூக்கி வைத்திருக்கிறது, ஊன்றவே மாட்டேன் என்கிறது என்றால் அது ஓய்வு இல்லை, வலி.

அப்புறம், கூண்டில் எல்லாக் கம்பும் ஒரே தடிமனில் வழவழவென்று இருந்தால் பாதத்தின் ஒரே இடம் அழுந்திப் புண்ணாகும். தடிமன் மாறி மாறி வரும் இயற்கைக் கிளைகளை வையுங்கள். இரவில் 10 முதல் 12 மணி நேரம் இருட்டும் அமைதியும் வேண்டும். தொலைக்காட்சி ஓடும் கூடத்தில் கூண்டு இருந்தால் அந்தக் கிளியும் ஒரு கண்ணைத் திறந்து வைத்துத்தான் தூங்கும்.

தூங்கும் பறவையைப் படம் எடுக்கலாமா?

தூரத்திலிருந்து, வெளிச்சம் அடிக்காமல் எடுக்கலாம். குளிர் இரவில் ஒரு சின்னக் குருவியைக் கிளப்பிவிட்டால், விடியும்வரை தாங்க அது சேர்த்துவைத்த கொழுப்பில் ஒரு பங்கை வீணாக்கிவிடுகிறோம். இருட்டில் வேறு இடம் தேடும்போது ஆந்தையிடம் மாட்டவும் செய்யும். முதுகில் அலகைப் புதைத்த பறவை தலையை நிமிர்த்தி உங்களைப் பார்த்துவிட்டதென்றால் நீங்கள் ஏற்கெனவே நெருங்கிவிட்டீர்கள். அப்படியே நின்று, மெல்லப் பின்வாங்குங்கள். அலகு மறுபடி இறகுக்குள் போவது அங்கிருந்தே தெரியும்.